அறத்தை ஆராயக் கற்பித்த பேராசான் கே.என்.ஜயதிலக்க

1958ஆம் ஆண்டை இலங்கைத் தமிழ் மக்கள் இலகுவில் மறந்துவிட மாட்டார்கள். முந்திய ஆண்டில் கைச்சாத்திடப்பட்ட பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம், பௌத்த பிக்குகளின் எதிர்ப்பை அடுத்து அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் கைவிடப்பட்டது. மே மாதத்தின் பிற்பகுதியில் இனக் கலவரம் வெடித்தது. தென்னிலங்கையில் வாழ்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அகதிகளாகிக் கப்பல்களில் வடக்கிற்கு அனுப்பப்பட்டனர். சுதந்திர இலங்கையின் வரலாற்றில் அழியாத கறை படிந்த ஆண்டு அது.

அதே 1958ஆம் ஆண்டில், பாரிஸ் நகரைத் தலைமையகமாகக் கொண்ட யுனெஸ்கோ நிறுவனம் அளவிற் சிறிய நூலொன்றை வெளியிட்டது. 'பௌத்தமும் இனப் பிரச்சினையும்' என்பது அதன் பொருள். இனவாதத்திற்கும் சாதிப் பாகுபாட்டிற்கும் புத்தரின் போதனையில் எள்ளளவும் இடமில்லை என்பதை மூல நூல்களின் துணைகொண்டு நிறுவிய அந்நூலை எழுதிய இருவரும் இலங்கையர்கள், சிங்கள பௌத்தர்கள். ஒருவர் பாளி மொழிப் பேரறிஞரும் அப்போது சோவியத் ஒன்றியத்தில் இலங்கையின் தூதுவராக இருந்தவருமான ஜீ.பி.மலலசேகர. மற்றையவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் மெய்யியல் ஆசிரியரான கே.என்.ஜயதிலக்க. ஒரே நாடு அதே ஆண்டில் உலகிற்கு அளித்த இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்து நோக்கும் எவரும் சற்றுத் தயங்கி நிற்கவே செய்வர்.

மலலசேகரவின் பெயர் பொதுமக்களிடையே பரவலாக அறியப்பட்டதாகும். ஜயதிலக்கவின் பெயரோ பெரும்பாலும் கல்வியுலகின் எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டது. எனினும் பௌத்த அறவியல் என்ற கற்கைத் துறை இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றது, அதில் எத்தகைய வினாக்கள் எழுப்பப்படுகின்றன என்பவற்றை ஆராய்பவர்கள் பேராதனையில் மாணாக்கர்களைப் பயிற்றுவித்த இம்மனிதரைக் கடந்து செல்ல இயலாது. ஐம்பது வயது நிறைவதற்குள் மறைந்துபோன ஓர் ஆசிரியரின் செல்வாக்கு, அவர் மறைந்து அரை நூற்றாண்டைக் கடந்த பின்னரும் நீடிப்பது சாதாரண விடயமன்று.

குலதிஸ்ஸ நந்த ஜயதிலக்க 1920ஆம் ஆண்டு பிறந்தவர். கொழும்பு றோயல் கல்லூரியில் கல்வி கற்ற பின்னர் பல்கலைக்கழகத்தில் பாளி, சமஸ்கிருதம் ஆகிய தொன்மொழிகளைச் சிறப்பாகப் பயின்றார். அக்காலத்தில் கீழைத்தேயக் கல்வியிற் சிறந்து விளங்கியவர்கள் பெரும்பாலும் மொழியாராய்ச்சியிலும் பதிப்பு முயற்சியிலுமே தமது ஆற்றலைச் செலவிட்டனர். ஜயதிலக்க தேர்ந்தெடுத்த பாதை வேறானது. 1940களின் நடுப்பகுதியில் அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குச் சென்று மெய்யியலைக் கற்கலானார்.

அக்காலக் கேம்பிரிட்ஜ், மேலைத்தேய மெய்யியலின் போக்கையே மாற்றிக்கொண்டிருந்த இடமாகும். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த சிந்தனையாளர்களுள் ஒருவராகக் கருதப்படும் லுட்விக் விட்கென்ஸ்டைன் அங்கு தமது இறுதி ஆண்டுகளின் விரிவுரைகளை நிகழ்த்திக்கொண்டிருந்தார். அவ்விரிவுரைகளைக் கேட்கும் வாய்ப்புப் பெற்ற மிகச் சில ஆசியர்களுள் ஜயதிலக்கவும் ஒருவர். ஒரு சொல்லின் பொருளை அதன் பயன்பாட்டிலேயே தேட வேண்டும், விடை காண முடியாதனவாகத் தோன்றும் வினாக்கள் பல உண்மையில் பிழையாக அமைக்கப்பட்ட வினாக்களே என்ற பார்வை அங்கு உருவாகி வந்தது. பாளி நூல்களில் ஏற்கனவே ஊறியிருந்த இளம் ஆய்வாளருக்கு இது முற்றிலும் அந்நியமான கருத்தாகத் தோன்றியிருக்க முடியாது. அணைந்துபோன நெருப்பு எத்திசையிற் சென்றது என்று கேட்பது எவ்வாறு பொருளற்றதோ, அவ்வாறே சில வினாக்களும் பொருளற்றவை என்று புத்தர் வச்சகோத்தனுக்கு விளக்கியதை அவர் அறிந்திருந்தார்.

நாடு திரும்பிய ஜயதிலக்க இலங்கைப் பல்கலைக்கழகத்தின் மெய்யியற் துறையிற் பணியாற்றி, பின்னர் அதன் பேராசிரியராகவும் தலைவராகவும் விளங்கினார். பல்கலைக்கழகம் 1952ஆம் ஆண்டில் பேராதனைக்கு இடம்பெயர்ந்ததன் பின்னரான இரு தசாப்தங்களை அதன் பொற்காலம் எனக் கூறுவோர் உண்டு. தமிழ், சிங்களம், ஆங்கிலம், வரலாறு, மெய்யியல் எனப் பல துறைகளிலும் ஆற்றல் மிக்க ஆசிரியர்கள் ஒரே வளாகத்தில் வாழ்ந்த காலம் அது. அச்சூழலிலேயே ஜயதிலக்கவின் பிரதான நூல் உருப்பெற்றது.

'ஆதி பௌத்தத்தின் அறிவுக் கொள்கை' என்ற அப்பெருநூல் 1963ஆம் ஆண்டில் லண்டனில் வெளியாயிற்று. ஏறத்தாழ ஐந்நூறு பக்கங்களைக் கொண்ட அந்நூல் வேதங்கள், உபநிடதங்கள் தொடங்கி உலகாயதர், ஐயவாதிகள், ஆசீவகர், சமணர் வரை புத்தருக்கு முற்பட்டதும் சமகாலத்ததுமான சிந்தனை மரபுகள் அனைத்தையும் விரிவாக ஆராய்கின்றது. அதன் மையமான முடிவு எளிமையானது. சங்காரவ சூத்திரத்தில் புத்தர் சிந்தனையாளர்களை மூவகையினராகப் பிரிக்கின்றார். வழிவழி வந்த மரபை நம்பி அறத்தைக் கூறுவோர் ஒரு வகையினர். வெறும் தருக்கத்தை நம்புவோர் இன்னொரு வகையினர். தாமே நேரிற் கண்டறிந்து கூறுவோர் மூன்றாம் வகையினர். புத்தர் தம்மை இம்மூன்றாம் வகையினருள்ளேயே சேர்த்துக்கொள்கின்றார். ஆகவே பௌத்தம் அனுபவத்தினாற் சோதிக்கப்பட வேண்டிய ஒரு போதனையேயன்றி, நூலின் அதிகாரத்தினாலோ ஆசானின் அதிகாரத்தினாலோ ஏற்றுக்கொள்ளப்பட வேண்டியதன்று என்பது ஜயதிலக்கவின் வாதமாகும்.

இது அறிவாராய்ச்சி பற்றிய நூலாயிற்றே, அறவியலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவக்கூடும். அவர் அறவியலுக்கு ஆற்றிய பெரும் பங்களிப்பு இங்கிருந்தே தொடங்குகின்றது. அதுவரை பௌத்த ஒழுக்கம் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் பஞ்ச சீலத்தையும் எண்வழி மார்க்கத்தையும் வரிசைப்படுத்தி விளக்குவனவாகவே இருந்தன. எது நல்லது என்பதற்கான பட்டியல் இருந்தது. அது ஏன் நல்லது, அதனை நல்லது என்று எவ்வாறு அறிகின்றோம் என்ற விசாரணை அரிதாகவே இருந்தது. ஜயதிலக்க இந்த இரண்டாவது வினாவையே முன்வைத்தார்.

காலாம மக்களுக்குப் புத்தர் கூறிய அறிவுரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல சமய ஆசிரியர்களும் தத்தம் கொள்கையை உயர்த்தி ஏனையோரின் கொள்கைகளை இழித்துரைப்பதைக் கேட்டுக் குழம்பி நின்ற அம்மக்களிடம், கேள்விப்பட்டது என்பதற்காகவோ மரபு என்பதற்காகவோ எமது குரு கூறினார் என்பதற்காகவோ எதனையும் ஏற்க வேண்டாம் என்றார் புத்தர். பேராசையும் வெறுப்பும் மயக்கமும் ஒருவனை எத்தகைய செயலுக்கு இட்டுச் செல்கின்றன, அச்செயலின் விளைவு என்ன என்பதைத் தாமே பார்த்து முடிவு செய்யுமாறு கூறினார். தம் மைந்தன் ராகுலனுக்கும் இதனையே போதித்தார். முகம் பார்க்கக் கண்ணாடி பயன்படுவது போல, ஒரு செயலைச் செய்வதற்கு முன்னரும் செய்யும்போதும் செய்த பின்னரும் அது தனக்கோ பிறர்க்கோ தீங்கு தருமா என்று ஆராய வேண்டும் என்பது அப்போதனையின் சாரம். அறம் என்பது கட்டளைக்குக் கீழ்ப்படிதல் அன்று, விளைவையும் உள்ளத்தின் நோக்கத்தையும் ஒருங்கே ஆராய்ந்து நடத்தல் என்ற விளக்கத்திற்கு இத்தகைய பகுதிகள் ஆதாரமாயின.

ஜயதிலக்க இதனைப் பல்கலைக்கழக மண்டபத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இலங்கை வானொலியில் அவர் ஆற்றிய உரைகள் பௌத்த அறவியலின் அடிப்படைகளைச் சாதாரண மக்களும் விளங்கிக்கொள்ளும் வகையில் எடுத்துரைத்தன. ஒழுக்கம் பற்றிப் பேசுவதாயின் மனிதனுக்குத் தெரிவுச் சுதந்திரம் இருக்க வேண்டும் என்பதை அவர் வலியுறுத்தினார். அனைத்தும் விதிப்படியே நடக்கும் என்ற ஆசீவகரின் கொள்கையையும், அனைத்தும் இறைவனின் சித்தம் என்ற கொள்கையையும், செயலுக்குப் பின்விளைவே இல்லை என்ற உலகாயதக் கொள்கையையும் புத்தர் ஒருங்கே மறுத்தமை இதனாலேயே என அவர் விளக்கினார். கர்மம் என்பதைத் தலைவிதி என்று பொருள்கொள்ளும் பொதுவழக்கு, சிங்களவரிடையே மட்டுமன்றித் தமிழரிடையேயும் ஆழ வேரூன்றியுள்ளது. அவ்வழக்கைத் திருத்த முற்பட்டவர்களுள் ஜயதிலக்க முக்கியமானவர். கண்டியில் இயங்கும் பௌத்த வெளியீட்டுச் சங்கம் அவரது உரைகளையும் கட்டுரைகளையும் சிறு நூல்களாக வெளியிட்டு உலகெங்கும் கொண்டு சென்றது.

தனிமனித ஒழுக்கத்தோடு அவரது பார்வை நின்றுவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. 1967ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள சர்வதேசச் சட்டக் கழகத்தில், பௌத்தக் கோட்பாட்டில் அடங்கியுள்ள சர்வதேசச் சட்டத் தத்துவங்கள் பற்றி அவர் விரிவுரை நிகழ்த்தினார். சட்ட அறிஞர்களின் அவையிலே பாளி சூத்திரங்களை முன்வைத்து வாதிட்டமை புதுமையான முயற்சியாகும். கூடதந்த சூத்திரத்தில், நாட்டில் கொள்ளை பெருகியபோது தண்டனையைக் கடுமையாக்க எண்ணாது, உழவனுக்கு விதையும் வணிகனுக்கு முதலும் அரச ஊழியனுக்கு ஊதியமும் வழங்குமாறு மன்னனுக்கு ஆலோசனை கூறப்படுகின்றது. வறுமையைக் களையாத அரசு களவைக் களைய முடியாது என்பதையும், அரசனும் தருமத்திற்குக் கட்டுப்பட்டவனே என்பதையும் பௌத்த சமூகச் சிந்தனையின் தூண்களாக ஜயதிலக்க போன்றோர் எடுத்துக்காட்டினர்.

இப்பின்னணியில் யுனெஸ்கோ நூலை மீண்டும் நோக்குவோம். நாசிகளின் இனக்கொலையைக் கண்டு அதிர்ந்திருந்த உலகில், பெருஞ்சமயங்கள் இனப் பாகுபாடு பற்றி என்ன கூறுகின்றன என்பதை அறியும் நோக்குடன் யுனெஸ்கோ ஒரு நூல் வரிசையை வெளியிட்டது. கத்தோலிக்கத்தையும் யூத மரபையும் பற்றிய நூல்கள் முன்னரே வந்திருந்தன. பௌத்தத்தின் சார்பில் பேசும் பொறுப்பு இவ்விரு இலங்கையரிடமும் வந்து சேர்ந்தது.

அவர்கள் எடுத்துக்கொண்ட முதன்மையான சான்று வாசெட்ட சூத்திரமாகும். புல், மரம், பூச்சி, நாற்கால் விலங்கு, பறவை, மீன் ஆகியவற்றிடையே இனத்துக்கு இனம் பிறப்படையாளங்கள் வேறுபடுகின்றன. மனிதரிடையே அவ்வாறான வேறுபாடு தலைமுடியிலோ கண்ணிலோ காதிலோ நிறத்திலோ குரலிலோ இல்லை. உழுபவன் உழவன் எனவும் வாணிகம் செய்பவன் வணிகன் எனவும் பெயர் பெறுகின்றானேயன்றிப் பிறப்பினால் எவனும் உயர்ந்தவனோ தாழ்ந்தவனோ ஆவதில்லை. மனித குலம் ஒரே இனம் என்று இருபதாம் நூற்றாண்டின் உயிரியல் வந்தடைந்த முடிவோடு இது இசைந்து நிற்பதை நூலாசிரியர்கள் சுட்டிக்காட்டினர். யவன, காம்போச நாடுகளில் நான்கு வருணங்கள் இல்லை, ஆண்டான் அடிமை என்ற இரு பிரிவுகளே உள்ளன; அவையும் மாறக்கூடியவை என்று அஸ்ஸலாயன சூத்திரத்தில் வரும் வாதமும் எடுத்தாளப்பட்டது. ஓரிடத்தில் இயற்கை நியதியாகக் கருதப்படுவது இன்னோரிடத்தில் இல்லையாயின், அது இயற்கையன்று, மனிதர் செய்துகொண்ட ஏற்பாடே என்பது அதன் பொருள்.

மணிமேகலையைப் படித்த தமிழருக்கு இவ்வாதம் புதியதன்று. வேள்விப் பசுவை மீட்ட ஆபுத்திரன், பிறப்பை இகழ்ந்த அந்தணர்களிடம் எழுப்பும் வினாக்கள் இதே மரபின் தமிழ் வடிவமே. பௌத்தம் தமிழர்க்கு அந்நியமானது என்ற எண்ணம் அண்மைக் கால அரசியலின் விளைவேயன்றி வரலாற்றின் தீர்ப்பு அன்று.

ஜயதிலக்கவும் மலலசேகரவும் எடுத்துரைத்த இப்போதனை அவர்களது சொந்த நாட்டில் எவ்வாறு எதிரொலித்தது என்பதற்கு வரலாறே விடை கூறுகின்றது. பௌத்தத்தின் பெயரால் இன மேலாண்மை பேசப்பட்டது. 1959ஆம் ஆண்டில் பிரதமர் பண்டாரநாயக்கவைச் சுட்டவரும் ஒரு பிக்குவே. பேராசிரியர் ஜயதிலக்க 1970ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் காலமானார். அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்த இன்னொரு ஜூலையில் இந்நாட்டுத் தமிழர்களுக்கு நேர்ந்தவற்றை இங்கு விவரிக்க வேண்டிய அவசியமில்லை. நூல் எழுதுவதனால் மட்டும் கலவரங்கள் நின்றுவிடுவதில்லை. ஆயினும், கலவரம் செய்தவர்கள் தமது செயலுக்கு எந்தச் சமயத்தின் பெயரைப் பயன்படுத்தினார்களோ, அந்தச் சமயத்தின் மூல நூல்களே அவர்களைக் கண்டிக்கின்றன என்பதற்கான சான்று எழுத்தில் நிலைத்து நிற்கின்றது. அதுவும் சிங்கள பௌத்த அறிஞர்களின் கையெழுத்தில் நிற்கின்றது என்பதைத் தமிழர்களாகிய நாம் மறத்தல் நன்றன்று.

அதேவேளை, அந்நூலின் மறுபாதி நம்மை நோக்கியும் பேசுகின்றது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். இன ஒடுக்குமுறையைக் கண்டித்த அதே காலத்தில் எமது சமூகம் தன்னுள்ளே சாதியின் பெயரால் மனிதரை வெளியே நிறுத்தி வைத்திருந்தது. 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் ஆலய வாயிலில் உள்நுழைய முயன்றோர் தடுக்கப்பட்டனர். சாதிக் கொடுமையைச் சகியாது வடக்கில் சிலர் பௌத்தத்தைத் தழுவியதும் அக்காலத்திலேயே. பிறப்பினால் உயர்வு தாழ்வில்லை என்ற அளவுகோலைப் பிறர்மீது பிரயோகிப்போர் அதனைத் தம்மீதும் பிரயோகிக்கக் கடமைப்பட்டவர்கள். காலாமருக்குக் கூறப்பட்ட அறிவுரையின் உட்கிடை இதுவேயாகும்.

ஜயதிலக்கவின் உண்மையான நினைவுச் சின்னம் அவரது மாணாக்கர் பரம்பரையே எனலாம். டேவிட் கலுபஹன ஹவாய் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்து, ஆதி பௌத்தத்தின் அறவியல் பற்றி 1995ஆம் ஆண்டில் தனி நூல் எழுதினார். பத்மசிறி டி சில்வா பௌத்த உளவியலை ஒரு கற்கைத் துறையாக வளர்த்ததுடன் சுற்றாடல் அறவியலிலும் கவனம் செலுத்தினார். குணபால தர்மசிறி 1989ஆம் ஆண்டில் பௌத்த அறவியலின் அடிப்படைகள் பற்றிய நூலை வெளியிட்டார். பி.டி.பிரேமசிறி, பௌத்த நூல்களில் நன்மையைக் குறிக்கும் குசல, புஞ்ஞ என்ற இரு சொற்களும் ஒன்றல்ல என்பதை 1976ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் நுணுகி ஆராய்ந்தார். மறுமையில் இன்பம் தரும் புண்ணியம் வேறு, உள்ளத்தைத் தூய்மையாக்கி விடுதலைக்கு இட்டுச் செல்லும் நற்செயல் வேறு என்ற அப்பாகுபாடு பின்வந்த விவாதங்கள் பலவற்றிற்கு வித்திட்டது. சொல்லின் பொருளை அதன் பயன்பாட்டிலே தேடுதல் என்ற கேம்பிரிட்ஜ் பயிற்சி பேராதனை வழியாகப் பாளி அறவியலுக்குள் வந்து சேர்ந்ததை இங்கு காணலாம்.

மாணவர்கள் ஆசானை வெறுமனே வழிமொழிந்தவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் தத்தம் வழியிற் சென்றனர். வெளியிலிருந்து வந்த விமர்சனங்களும் பலமானவை. புத்தரை மேலைத்தேய அனுபவவாதியாகச் சித்திரிப்பது பொருந்தாது என்று பிராங்க் ஹொஃப்மன் 1987ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் வாதிட்டார். மறுபிறப்பிற்குக் கூட அனுபவச் சான்று தேடி, முற்பிறவி நினைவு பற்றிய விவரங்களை ஜயதிலக்க ஆராய முற்பட்டமை பலருக்கும் ஏற்புடையதாகவில்லை. நவீன விஞ்ஞானத்தோடு சமயத்தை இணக்கப்படுத்த வேண்டும் என்ற காலனித்துவ காலத்து ஆவலின் சாயல் அவரது எழுத்தில் உள்ளது என்பாரும் உளர். இவ்விமர்சனங்களில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் விமர்சகர்கள் அவரது நூலோடு மல்லுக்கட்டிய பின்னரே தமது கருத்தைக் கூற வேண்டியிருந்தது. டேமியன் கியோன் 1992ஆம் ஆண்டில் பௌத்த அறவியலின் இயல்பு பற்றி எழுதிய நூலும், 1994ஆம் ஆண்டில் அத்துறைக்கெனத் தனி ஆய்விதழ் தொடங்கப்பட்டமையும் இக்கற்கை முதிர்ச்சி பெற்றதற்கு அறிகுறிகள். பௌத்த அறம் விளைவை அளவுகோலாகக் கொண்டதா, நற்பண்பை அளவுகோலாகக் கொண்டதா என்று அங்கு நடைபெறும் விவாதம், அது ஏன் நல்லது என்ற பேராதனை வினாவின் தொடர்ச்சியேயாகும்.

அவரது மறைவின் பின்னர் 'புத்தரின் செய்தி' என்ற தலைப்பில் அவரது கட்டுரைகள் தொகுக்கப்பட்டு, சமய ஆய்வாளர் நினியன் ஸ்மார்ட்டைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1975ஆம் ஆண்டில் வெளியாயின. இன்னும் இருபது ஆண்டுகள் வாழ்ந்திருப்பாராயின் எத்தனையோ செய்திருப்பார் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் ஓர் ஆசிரியரின் பணியை அவர் வாழ்ந்த ஆண்டுகளைக் கொண்டு மட்டும் அளவிடுதல் பொருந்தாது.

சமயம் அரசியலின் ஆயுதமாக்கப்பட்ட ஒரு நாட்டில், அச்சமயத்தை அதன் சொந்த அளவுகோலால் அளந்து பார்க்கக் கற்பிப்பவர்களே அதற்கு உண்மையான தொண்டு செய்பவர்கள். ஜயதிலக்க அத்தொண்டைச் செய்தார். 1958ஆம் ஆண்டு வெளிவந்த அச்சிறு நூல் சிங்களத்திலும் தமிழிலும் இந்நாட்டின் ஒவ்வொரு பாடசாலை மாணவனின் கையிலும் இருக்க வேண்டியதாகும். செய்வதற்கு முன்னரும் செய்யும்போதும் செய்த பின்னரும் தன் செயலை ஆராய்ந்து பார்க்குமாறு ராகுலனுக்குக் கூறப்பட்ட அறிவுரை தனிமனிதர்க்கு மட்டும் உரியதன்று. நாடுகளுக்கும் இனங்களுக்கும் உரியது. முதலிரு கட்டங்களையும் நாம் தவறவிட்டோம். செய்த பின்னர் ஆராயும் மூன்றாவது கட்டமாவது இன்னும் நம் கையில் எஞ்சியிருக்கின்றது.